கொடாததைக் கொள்ளலும் வேண்டாததைத் தள்ளலும்

பஞ்சசீலத்துள் இரண்டாவதாகிய சீலத்தைத் 'திருடாமை' என்று பலர் சுருக்கிச் சொல்வர். அது பிழையன்று, ஆயினும் குறைவுடையது. அதின்னாதானம் என்னும் பாளிச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பின், 'கொடுக்கப்படாததை எடுத்தல்' என்றே பொருள்படும். பூட்டை உடைத்தானா, இருளில் வந்தானா, பொருள் சிறிதா பெரிதா என்று அச்சொல் வினவவில்லை. உடையவன் கொடுத்தானா என்ற ஒன்றையே வினவுகின்றது. கொடுத்திருந்தால் பொன்மலையும் கொள்ளத்தக்கது. கொடாதிருந்தால் ஓர் ஊசியும் கொள்ளத்தகாதது.

இச்சீலத்தை மனத்திற்கொண்டு, இன்று நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் ஒரு சிறு காரியத்தை ஆராய்தல் தகும். சாக்கனிலும் போசரியிலும் இரவுப் பாளி முடித்துக் காலையில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர் நண்பகலில் கண்ணயர்கின்றார். கைபேசி ஒலிக்கின்றது. அதனை அணைத்து வைக்கவும் இயலாது. பிள்ளையின் பள்ளியிலிருந்து அழைக்கலாம், மேற்பார்வையாளர் அழைக்கலாம், ஊரிலிருந்து முதிய தாயார் அழைக்கலாம். எழுந்து எடுத்தால், முன்பின் அறியாத குரல் ஒன்று, 'ஐயா, உங்களுக்கு இரண்டு இலட்சம் கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது' என்கின்றது. வேண்டாமென வைத்துவிட்டுப் படுத்தால், உறக்கம் திரும்புவதில்லை. இவரிடமிருந்து ஏதேனும் எடுக்கப்பட்டதா, இல்லையா? இதுவே நம் வினா.

நேரம் உடைமையாகுமா?

'ஒரு நிமிடப் பேச்சுத்தானே, இதில் களவு எங்கே வந்தது?' என்று கற்றோர் நகைக்கக்கூடும். ஆலை வாயிலில் நின்றவன் நகைக்கமாட்டான். ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் கூலி பிடிக்கப்படும் என்பதை அவன் உடம்பால் அறிவான். முதலாளியின் கணக்கில் நம் நிமிடத்திற்கு விலையுண்டு எனின், நம் கணக்கிலும் அதற்கு விலையுண்டு. பாபாசாகேப் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் திருத்தச் சட்டத்தால் வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலைநேர வரம்பு 48 மணியாகக் குறைக்கப்பட்டது. அந்த ஆறு மணி நேரம் தொழிலாளிக்குத் தானமாக வந்ததன்று. அது அவனுடையது என்னும் நியாயத்தினால் அவனிடம் மீண்டது. அங்ஙனம் மீண்ட ஓய்வை, இன்று கேளாமலே வீட்டினுள் புகுந்து ஒருவன் துண்டு துண்டாக எடுத்துச் செல்வானாயின், அதற்குக் களவென்ற பெயர் பொருந்தாது என்று எங்ஙனம் கூறுவது?

நேரம் மட்டுமன்று, வீட்டின் அமைதியும் உடைமையே. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமையென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சேரியில் பிறந்தவனுக்குத் தன் வீடு என்று கதவடைக்கும் உரிமையே நெடுங்காலம் இருந்ததில்லை. யார் வேண்டுமாயினும் வாயிலில் நின்று ஏவலாம் என்றிருந்த காலத்தை நம் முன்னோர் கண்டனர். ஆகையால் கதவின் அருமையை நாம் பிறரைவிட நன்கறிவோம்.

மௌனம் சம்மதமா?

இவ்விடத்தில் ஒரு சூக்குமமான கேள்வி எழுகின்றது. நாம் வேண்டாமென்று முன்னரே சொல்லவில்லையே, சொல்லாதிருந்தது சம்மதமாகாதா? இந்நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இவ்வழியே தொடங்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2007இல் அழைக்க வேண்டாதார் பதிவேட்டை ஏற்படுத்தியது. பின்னர் 2010இல் விரிந்த விதிகளை இயற்றி, இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பர அழைப்புகளைத் தடுத்தது. 2018இல் அவ்விதிகள் மீண்டும் புதுக்கப்பட்டன. இவையெல்லாம் நன்மையே. எனினும் இவற்றின் அடிப்படை யாது? 'வேண்டாம்' என்று பதிந்துகொண்டவனை அழைக்கலாகாது என்பதாம். பதியாதவன் கொடுத்தவனாகக் கொள்ளப்படுகின்றான். சீலமோ இதற்கு நேர்மாறாக நிற்கின்றது. கொடுத்தேன் என்று சொன்னாலன்றி எதுவும் கொடுக்கப்பட்டதாகாது என்கின்றது.

'பகவான் புத்தர் உணவிற்கு அழைக்கப்பட்டபோது மௌனத்தால் அன்றோ சம்மதித்தார்?' என்று சிலர் வாதிக்கலாம். ஆம். ஆனால் அங்கே அழைப்பவர் நேரில் வந்து வணங்கிக் கேட்டார். கேட்கப்பட்டவர் அதைக் கேட்டு, அறிந்து, மௌனமாயிருந்தார். சங்கத்தின் பெருங்காரியங்களிலும் மௌனமே சம்மதம். ஆயினும் அங்கே காரியம் முதலில் அறிவிக்கப்பட்டு, பின் மும்முறை சபையின்முன் கூறப்பட்ட பின்னரே அம்மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். கேட்கப்பட்டவனுடைய மௌனம் வேறு. கேட்கப்படாதவனுடைய மௌனம் வேறு. உறங்குகின்றவன் மறுக்கவில்லை என்று அவன் தலையணையை உருவுவார் உண்டோ?

வேறு சிலர், 'நீரே கையொப்பமிட்டுக் கொடுத்தீர்' என்பர். கடையில் பற்றுச்சீட்டுப் போடுகையில் எண்ணைக் கேட்கின்றனர். பரிசுக் குலுக்கலென்று பெட்டியில் சீட்டுப் போடச் சொல்கின்றனர். கைபேசியில் ஏதோ ஒரு செயலியை இறக்கும்போது, எவரும் படிக்க இயலாத நீண்ட நிபந்தனைகளின் கீழ் விரலை வைக்கச் சொல்கின்றனர். ஒன்றிற்கெனப் பெற்றதை மற்றொன்றிற்குப் பயன்படுத்தல் கொடுத்ததைக் கொள்வதாகாது. தண்ணீர் மொள்ளக் கொடுத்த குடத்தை விற்றுவிடுதல் போன்றது அது. 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்கெனவும், விவரமறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயமின்றியும் தரப்படவேண்டும் என்று விதிக்கின்றது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் சீலம் ஒரு சொல்லில் கூறியதைச் சட்டம் இன்று ஐந்து சொற்களில் கூறுகின்றது எனலாம்.

வாணிகம் குற்றமா?

இவ்வளவு கேட்டதும், 'பௌத்தம் வாணிகத்தையே வெறுக்கின்றதோ?' என ஐயுறுவார் உளர். இல்லை. பகவானுக்கு முதன்முதல் உணவளித்த தபுஸ்ஸரும் பல்லிகரும் வணிகர்கள். ஜேதவனத்தை வழங்கிய அனாதபிண்டிகரும் வணிகரே. ஜாதகக் கதைகளில் சேரி நாட்டு வணிகர் இருவரின் கதையொன்று உளது. இருவரும் தெருத்தெருவாகச் சென்று அணிமணிகளைக் கூவி விற்போர். வாழ்ந்து நொடித்த ஒரு வீட்டில் ஒரு பாட்டியும் பேத்தியும். கரிபிடித்த பழங்கிண்ணம் ஒன்றைக் கொடுத்து அணி ஒன்று கேட்கின்றனர். முதல் வணிகன் ஊசியால் கீறிப் பார்த்துப் பொன்னென்று அறிந்தும், ஒன்றுக்கும் உதவாததென்று எறிந்துவிட்டுப் போகின்றான். சும்மா பெற்றுவிடலாம் என்பது அவன் எண்ணம். பின்னர் வந்த மற்றவன், 'அம்மா, இது இலட்சம் பெறும். என் கையில் அவ்வளவு பொருள் இல்லை' என்று உண்மை கூறித் தன் கையிலிருந்த பணத்தையும் சரக்கையும் கொடுத்துப் பெற்றுச் செல்கின்றான். அவனே போதிசத்துவர் என்பது கதை.

இருவரும் தெருவில் கூவியவரே என்பதைக் கவனிக்க. கூவுதல் குற்றமன்று. தெருவில் கூவுவோன் கூவிக்கொண்டே கடந்து போகின்றான். வேண்டியவர் கதவைத் திறந்து அழைக்கின்றனர், வேண்டாதவர் தம் வேலையைப் பார்க்கின்றனர். திறக்கும் உரிமை வீட்டாரிடம் இருக்கின்றது. தொலைபேசி வணிகனோ கதவிற்கு உள்ளே நின்று கூவுகின்றான். அன்றியும் அக்கதை விற்பவனின் நாவை அளக்கும் கோலையும் நமக்குத் தருகின்றது. ஒருவன் அறிந்ததை மறைத்தான். மற்றவன் அறிந்ததை உரைத்தான்.

அங்குத்தர நிகாயத்தில் நல்வாக்கிற்கு ஐந்து இலக்கணங்கள் கூறப்படுகின்றன: காலமறிந்து பேசுதல், உண்மை பேசுதல், இனிமையாகப் பேசுதல், பயனுள்ளது பேசுதல், அன்புள்ளத்தோடு பேசுதல். விளம்பர அழைப்பை இவ்வைந்தில் நிறுத்துப் பாருங்கள். இனிமை ஒன்றுதான் மிகுதியாக இருக்கும்! காலமறிதல் அறவே இல்லை. எஞ்சிய மூன்றும் ஐயத்திற்குரியன. மஜ்ஜிம நிகாயத்தின் மகாசத்தாரீசக சுத்தம் தீய ஜீவனத்தை விளக்குமிடத்தில், வஞ்சித்தல், நயந்து பேசி இணக்குதல், குறிப்புக் காட்டிப் பெறுதல், இழித்துரைத்துப் பணியவைத்தல், ஆதாயத்தைக் காட்டி ஆதாயம் தேடுதல் என்று ஐந்தை எண்ணுகின்றது. 'உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது. சிறு தொகை மட்டும் கட்டுங்கள்' என்னும் அழைப்பு, அவ்வைந்தாவதின் இன்றைய வடிவம் அல்லவா?

கடன் என்னும் தூண்டில்

இதுவரை கூறியது நேரத்தையும் அமைதியையும் பற்றியது. இதனினும் பெரிய கேடு ஒன்றுளது. செல்வர் வீட்டில் இவ்வழைப்பு ஒரு தொல்லை. ஏழை வீட்டில் இது ஒரு தூண்டில். மகளின் திருமணம் நெருங்கும் மாதத்தில், வேலை நின்ற மாதத்தில், 'பத்திரம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பணம்' என்னும் குரல் காதில் விழுந்தால், மறுக்கும் வலிமை எத்தனை பேருக்கு உண்டு? இல்லறத்தார்க்கு வறுமை துன்பம், வறுமையால் கடன், கடனால் வட்டி, வட்டி தவறினால் நெருக்குதல், நெருக்குதலுக்குப் பின் பின்தொடர்தல், ஈற்றில் சிறை என்று பகவான் படிப்படியாக உரைத்துள்ளார். முதற்படியில் இனிமையாக அழைத்த அதே தொலைபேசி, நான்காம் படியில் கடுமையாக அழைக்கும். கடனின்மை இல்லறத்தான் அடையும் நான்கு இன்பங்களுள் ஒன்று என்பதையும் அவரே கூறினார்.

வஞ்சகர் இதே வாயிலைப் பயன்படுத்துவதும் கண்கூடு. காவலர், நீதிபதி என்று வேடமிட்டுக் காணொளியில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டம் நாடெங்கும் பெருகிற்று. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லையெனப் பிரதமர் 2024 அக்டோபரில் வானொலி உரையில் மக்களை எச்சரிக்க நேர்ந்தது. நம் புனேயிலும் 2025 மே மாதம் கராடியில் ஒரு போலி அழைப்பு நிலையம் காவலரால் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து அமெரிக்காவில் உள்ளோரை ஏமாற்றி வந்தனர். வேண்டாத அழைப்பை எடுத்துப் பழகிய காது, வஞ்சகனின் அழைப்பிற்கும் எளிதில் திறக்கும்.

வாயிற் காவலன்

ஆயின் செய்யவேண்டுவது யாது? எல்லைப்புறக் கோட்டை ஒன்றை உவமையாகக் கூறி, அதற்கு அறிவும் விழிப்புமுள்ள வாயிற் காவலன் ஒருவன் வேண்டுமென்று சாஸ்தா போதித்தார். அவன் அறியாதவரைத் தடுப்பான். அறிந்தவரை உள்ளே விடுவான். அக்காவலனே சதி என்னும் நினைவுடைமை. கதவை என்றென்றும் அடைப்பவன் காவலன் அல்லன்; எவரையும் விடுபவனும் காவலன் அல்லன். இவ்வுவமையை மனத்திற்கும் கொள்க, வீட்டிற்கும் கொள்க.

வீட்டிற்குரிய காவல்கள் சில உள. முதலாவது, 1909 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்து நம் விருப்பத்தைப் பதிந்துகொள்ளல். வங்கி, காப்பீடு, கடன் அட்டை ஆகியவை ஒரு பிரிவு. வீடு மனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருள், தகவல் தொடர்பும் பொழுதுபோக்கும், சுற்றுலா, உணவு என்று ஏனைய பிரிவுகள். அனைத்தையும் தடுக்கலாம், சிலவற்றை மட்டும் தடுக்கலாம். எந்நாள், எந்நேரம் என்றும் வரையறுக்கலாம். இரண்டாவது, எண்ணின் தொடக்கத்தை நோக்கல். பதிவுபெற்ற விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும். வங்கிகள் நம் கணக்குத் தொடர்பாக அழைப்பதற்கு 1600 என்னும் வரிசை உண்டு. சாதாரணப் பத்திலக்க எண்ணிலிருந்து ஒருவன் கடன் விற்பானாயின், அவன் விதியை மீறுகின்றான் என்று அறிக. மூன்றாவது, முறையிடல். 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி, அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் முறையிடலாம். பதிவு பெறாத ஒருவன்மீது பத்து நாட்களில் ஐந்து முறையீடுகள் சேர்ந்தால் நடவடிக்கை தொடங்கவேண்டும். ஒருவர் முறையீடு காற்றில் போவதுபோல் தோன்றும். ஐவர் முறையீடு சட்டமாகின்றது. சங்கமாகக் கூடி வாழும் நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை. பணம் பறிபோயின் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்கவேண்டும்.

நான்காவது, எண்ணைக் கண்ட இடமெல்லாம் கொடாதிருத்தல். கடைக்காரர் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கலாகாதென மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியது. எனவே 'எண் வேண்டாம், சீட்டு மட்டும் போதும்' என்று கூச்சமின்றிச் சொல்லலாம். காகிதக் குப்பையும் அவ்வாறே. செய்தித்தாளின் இடையில் செருகி வரும் துண்டுத்தாள்களை வேண்டாமென்று தாள் போடும் பிள்ளையிடம் சொன்னால் போதாது. அவனுக்கு அதில் அதிகாரமில்லை. முகவரிடம் சொல்லவேண்டும். கட்டடத்தின் வாயிலில் எல்லா வீட்டாரும் கூடி ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினால், வீட்டிற்கு வீடு மறுக்கும் வேலை குறையும்.

மறுமுனையில் இருப்பவர்

இங்கே கதை முடியவில்லை. வேண்டாத அழைப்பை எடுத்தவுடன் வாய்க்கு வந்தபடி ஏசுவோர் பலர். அதனால் நான்காம் சீலம் பழுதுபடுவது மட்டுமன்று, ஏசப்படுபவர் யாரென்பதையும் நினைக்கவேண்டும். ஹிஞ்சவடியிலும் ஹடப்சரிலும் கண்ணாடி மாளிகைகளில் அமர்ந்து நாளெல்லாம் எண்களைச் சுற்றுபவர் முதலாளிகள் அல்லர்; நம் பிள்ளைகள். நாளொன்றுக்கு இத்தனை அழைப்பு, மாதத்திற்கு இத்தனை விற்பனை என்று கணக்கு வைத்து அவர்களைப் பிழிகின்றனர். தறியின் முன் நின்றவனுக்கு இத்தனை கெஜம் என்று கணக்கு வைத்ததற்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. தறியாவது திருப்பி ஏசாது.

பாரத்வாஜன் என்னும் பிராமணன் ஒருவன் பகவானை வைதான். அவர், 'உன் வீட்டிற்கு வந்த விருந்தினர் நீ இட்ட உணவை ஏற்காவிடில் அவ்வுணவு யாருடையது?' என்று வினவ, 'என்னுடையதே' என்றான் அவன். 'அவ்வாறே நீ தந்த வசையை யாம் ஏற்கவில்லை. அது உன்னுடையதே' என்றார் அவர். ஏற்காமை என்னும் ஆயுதம் எவ்வளவு மென்மையானது, எவ்வளவு உறுதியானது! வேண்டாததைத் தள்ளுவதற்குச் சினம் வேண்டுவதில்லை. இவ்வூர் மொழியில் 'நகோ, தாயி' என்றால் போதும். இந்த எண்ணை உங்கள் பட்டியலினின்று நீக்குக என்று ஒரு சொல் சேர்த்து வைத்துவிடலாம். அப்பெண்ணின் நேரமும் வீணாகாது. சினத்தைக் காட்டவேண்டின், எண்களை விலைக்கு விற்பவர்மீதும், விதியை மீறும் நிறுவனத்தின்மீதும் முறையீடாகக் காட்டுக.

அண்மையில் வந்தனை முடிந்தபின் ஒரு தாயார் கேட்டார்: 'என் மகள் அழைப்பு நிலையத்தில் வேலை செய்கின்றாள். அது தீய ஜீவனமா? வேலையை விடச் சொல்லவா?' இதற்கு ஒரே விடை கூறல் நியாயமன்று. பகவான் விலக்கிய வாணிகங்கள் ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு என ஐந்து; பேசி விற்றல் அவற்றுள் இல்லை. ஆகவே அம்மகள் தன்னைத்தானே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். நான் சொல்வது பொய்யென அறிந்து சொல்கின்றேனா? வேண்டாம் என்றவரை மீண்டும் அழைக்கின்றேனா? என் தாய் இக்கடனை வாங்க நான் சம்மதிப்பேனா? மூன்றிற்கும் மனம் தூய்மையாக விடை கூறின், அவள் தலைநிமிர்ந்து வேலை செய்யலாம். கூறாவிடின் வேறு வேலை தேடத் தொடங்கவேண்டும். கிடைக்கும்வரை வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்பதையும் நாம் மறத்தலாகாது. பசித்தவனுக்கு முதலில் உணவு, பிறகே உபதேசம் என்பது அமுதசுரபி ஏந்திய மணிமேகலையின் மரபில் வந்த நமக்குத் தெரியாததன்று. அவள் வேலை மாற உதவுவது தாயின் கடமை மட்டுமன்று, சங்கத்தின் கடமையுமாம்.

நாமும் அழைப்பவரே

ஈற்றில் ஒன்று. பிறரைப் பற்றியே பேசி முடிப்பது தருமமன்று. விடியுமுன் நூறு பேருக்குப் புத்தர் படத்தோடு வாழ்த்து அனுப்புகின்றோம். வைசாகப் பௌர்ணமியன்றும் தம்மச் சக்கர நாளன்றும் அறியாதவர் கைபேசிகளையும் நிரப்புகின்றோம். 'நல்லதைத்தானே அனுப்புகின்றோம்' என்கின்றோம். கடன் விற்பவனும் அதையே சொல்கின்றான்! பிக்கு பிண்டபாதத்திற்குச் செல்லும்போது வாயிலில் மௌனமாக நிற்கின்றார்; தட்டுவதில்லை, கேட்பதில்லை; கொடாவிடின் அடுத்த வாயிலுக்குச் செல்கின்றார். மதிப்பின்றி இருப்பவனுக்குத் தம்மம் உபதேசித்தலையும் விநயம் விலக்குகின்றது. வந்து பார் என்பது தம்மத்தின் இயல்பு. புகுந்து காட்டுதல் அதன் இயல்பன்று. 1954 டிசம்பர் 25ஆம் நாள் பாபாசாகேப் தேஹு ரோடில் புத்தர் திருவுருவை நிறுவினார். அன்று முதல் அவ்வுருவம் யாரையும் கூவி அழைத்ததில்லை. மக்கள் தாமே வருகின்றனர்.

ஆகவே அன்பர்களே, கொடாததைக் கொள்ளாதீர்; அது பிறர் நேரமாயினும், பிறர் அமைதியாயினும். வேண்டாததைத் தள்ளுங்கள், ஆயின் தள்ளும் கையில் கல் வேண்டாம். இவ்விரண்டும் கைகூடின், நம் சிறு வீட்டின் கதவும் ஒரு சீலமாகும்.

நமோ புத்தாய! ஜெய் பீம்!